ஈயப் பெட்டிக்குள் அக்காவின் குரல்

என் அக்கா பாடிய இசைத்தட்டு ஒன்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பல வருஷம் இருந்தது. அத்தனை வருஷமும் அதை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்பதற்கு மெஷின் இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பெரிய தொரை பங்களாவில் மட்டும்தான் ஒரு கிராமபோன் இருந்தது. சாயந்திர வேளையில் அதிலிருந்து வெள்ளைக்காரப் பாட்டு மலைச்சரிவில் இறங்கி வரும். பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். அந்த மாதிரி ஒரு தட்டுக்குள்தான் என் அக்காவும் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

அப்பா ஸ்டோரில் வேலை செய்தார். தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இளவயதில் கொழுந்தை உருட்டும் மெஷின்களுக்கு நடுவே நின்றவர். அந்த இரைச்சல் அவருடைய காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பிறகு பெட்டி கட்டும் பக்கம் மாற்றினார்கள். மரப்பெட்டிக்குள் ஈயத்தாளை விரித்து, மூலைகளைப் பற்றவைத்து, தூளைக் கொட்டி, ஈரக்காற்று நுழையாதபடி மூடி ஆணி அடிக்கிற வேலை. கடல் தாண்டிப் போனாலும் தூள் நமத்துப் போகக்கூடாது. அதில் அப்பாவுக்கு நல்ல பேர் இருந்தது.

அக்கா என்னைவிட நிறைய மூத்தவள், கொழுந்தெடுக்கும் வயதில் இருந்தாள். ஒரு தடவை கேட்ட பாட்டை மறுநாள் மலையில் பாடிக்காட்டுவாள். பதுளைக் கடைவீதிக்குப் பின்னால் தகரக்கொட்டகை போட்டு கடலுக்கு அக்கரையில் இந்தியாவிலிருந்து ஒரு நாடக செட் வந்து இறங்கியபோது அப்பா எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். அப்போது அவருக்குப் பாதிக் காதாவது கேட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா ராணியின் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள். கணவனைத் தொலைத்துவிட்டுக் காட்டில் அலையும் ஒரு ராணி.

அந்த செட் அடுத்த வருஷமும் வந்தது. அதில் ஆர்மோனியம் வாசித்தவர் எங்கள் லயத்துக்கே வந்து பெண் கேட்டார். அம்மா முடியாது என்றார். "ராத்திரி ராத்திரியா மொகத்துல சாயம் பூசிக்கிட்டு ஊர் ஊரா நிக்கறதுக்கா நான் பெத்தேன்?" என்றார். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஆர்மோனியக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புள்ளைக்குப் பிடிச்சிருக்கு" என்று மட்டும் அப்பா சொன்னார். தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றி அனுப்பிவைத்தோம். மாட்டு வண்டி பண்டாரவளை ரோட்டில் திரும்பும் வரை அம்மா காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அக்காவின் பெயரை அம்மா வாயால் சொன்னதே கிடையாது. பேச வேண்டி வந்தால் "அந்தப் புள்ள" என்பார்.

அப்பா சேர்க்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். முதலில் கிடைத்தது நாடக நோட்டீஸ். ரோஸ் நிறத் தாள், தொட்டால் விரலில் ஒட்டும் மட்டமான மை. அக்காவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பதுளைச் சந்தைக்குப் போன யாரோ அதில் வெற்றிலை மடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான்தான். அவருடைய காதருகே வாயை வைத்துக் கத்திப் படிக்க வேண்டும். "மதுர கீத மோகினி" என்று நான் கத்தினால் அந்த வரிசை லயம் முழுக்கக் கேட்கும். பக்கத்துக் காம்பராவில் சிரிப்பார்கள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருப்பார்.

பிறகு வண்டிக்காரர்களுக்குச் சொல்லிவைத்தார். கண்டி, கொழும்பு, அக்கரை என்று எங்கே நாடகம் நடந்தாலும், யார் கையில் நோட்டீஸ் கிடைத்தாலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். காலணாப் பாட்டுப் புத்தகங்கள் வந்தன. அக்கா ராணி வேஷத்தில் நிற்கும் ஒரு போட்டோ வந்தது. ஒருமுறை அக்காவே தன்னுடைய பழைய சலங்கை ஒரு ஜோடியை அனுப்பியிருந்தாள். தோல் பட்டை கிழிந்து, சில மணிகள் விழுந்துபோயிருந்தன. அப்பா அதைக் குலுக்கிப் பார்த்தார். தனக்குக் கேட்கிறதா இல்லையா என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் பிடித்தால் தை வரைக்கும் சுவர் வியர்க்கும். கம்பளி காயாது. அரிசியில் பூஞ்சணம் பிடிக்கும். முதல் மழையிலேயே பாதி நோட்டீஸ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது ஒன்றின் எழுத்து மற்றதன் முதுகில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. ராமபாணப் பூச்சி ஒரு பாட்டுப் புத்தகத்தைச் சல்லடையாக்கியிருந்தது. அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கரிடம் கேட்டு, உடைந்த பெட்டிகளின் பலகையை வாங்கி, சின்னதாக ஒரு தேயிலைப் பெட்டி செய்தார். உள்ளே ஈயத்தாள் விரித்து, தலையணை உறை தைப்பதுபோல் நிதானமாக மூலைகளைப் பற்றவைத்தார். அடியில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பரப்பினார். ஒவ்வொரு நோட்டீஸுக்கும் நடுவே ஒரு துண்டுத் துணி வைத்தார். மூடி மட்டும் ஆணி இல்லாமல் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்திருந்தார். கங்காணி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடா, தங்கமா வெச்சிருக்கே?" என்று கேட்டார். அப்பாவுக்கு அது கேட்கவில்லை. கேட்டதுபோல் சிரித்தார்.

அந்தப் பெட்டியை அம்மா தொட மாட்டார். ஆனால் ஒரு மழையில் கூரைத்தகரம் ஒழுகியபோது நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து பார்த்தால், பெட்டி சுவரோரத்திலிருந்து அடுப்பு மேட்டுக்கு மாறியிருந்தது. மேலே அம்மாவின் ஒரே நல்ல கம்பளி. அம்மா நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தார்.

தட்டு வந்தது அதற்குப் பிறகு. பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டிக்காரர் கொண்டுவந்தார். அக்காவின் நீலச் சேலை ஒன்றில் சுற்றி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டியிருந்தது. பிரித்தால் கறுப்பாக, வட்டமாக, பளபளவென்று. நடுவில் ஒட்டியிருந்த தாளில் அக்காவின் பெயர்.

"ஒங்க மக சொல்லச் சொல்லிச்சு" என்றார் வண்டிக்காரர். "இதுல தன்னோட கொரல் இருக்காம். மெஷின் வாங்கிட்டாங்களாம். அடுத்த தடவ வர்றப்ப கொண்டாந்து, தானே போட்டுக் காட்டுறேன்னு சொல்லிச்சு. அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லிச்சு."

நான் அதை அப்பாவின் காதில் கத்தினேன். அவர் தட்டை இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பங்களாவில் சமையல் செய்தவர் எங்களுக்கு வேண்டியவர். தொரை இல்லாத நாளில் கொண்டுவந்தால் போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ வந்து போடுறேன்னு சொல்லியிருக்கா. நாம திருட்டுத்தனமா கேக்கக் கூடாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் இருந்த ஆசை எனக்குப் புரிந்தது. தட்டு அவருக்குப் பெரிதில்லை. அதைப் போட்டுக்காட்ட மகள் வரப்போகிறாள் என்பதுதான் பெரிது.

தட்டு வந்த பிறகு அப்பாவுக்கு ஈயத்தாள் மட்டும் போதவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் டீ மேக்கரின் அனுமதியோடு பெட்டியை ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போவார். கொழுந்து காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. அங்கே எப்போதும் அனலாக இருக்கும், ஒரு பொட்டு ஈரம் இருக்காது. மழை முடியும் வரை பெட்டி அங்கேதான். வெயில் வந்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்து திறப்பார். தாள்கள் அப்பளம்போல் மொறுமொறுவென்று இருக்கும். "பாத்தியா?" என்று என்னைப் பார்ப்பார். தட்டை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் நீலச் சேலையில் சுற்றுவார்.

அக்கா வரவில்லை. சீமையில் பெரிய சண்டை தொடங்கியது, கப்பல் குறைந்துவிட்டது என்றார்கள். செட் கலைந்துவிட்டது என்று ஒரு வண்டிக்காரர் சொன்னார். நோட்டீஸ் வருவது நின்றது. எனக்குக் கல்யாணமாகி, அதே தோட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே வாத்தியார். அப்பாவின் காது முழுக்க அடைத்துவிட்டது. வாயசைவைப் பார்த்தும் கையசைவைப் பார்த்தும்தான் புரிந்துகொள்வார். மழைக்காலத்தில் பெட்டியை ஸ்டோருக்குக் கொண்டுபோவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

சண்டை முடிந்து, ஊரெல்லாம் காய்ச்சல் அடித்து ஓய்ந்த பிறகு ஒரு சாயந்திரம் ஆர்மோனியக்காரர் தனியாக வந்தார். முடி பாதி நரைத்திருந்தது. கையில் ஒரு துணிமூட்டை. லயத்து வாசலில் நின்ற அவரை அம்மாதான் முதலில் பார்த்தார். அவருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் யாரும் இல்லை. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா காய்ச்சலில்தான் போயிருக்கிறாள். இங்கே வருவதற்காகப் புறப்பட்டு, கப்பலுக்குக் காத்திருந்த முகாமில். அக்கா புருஷனை நான் மச்சான் என்பேன்; அவர்தான் அதை என்னிடம் சொன்னார். நான் அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். இதைக் காதில் கத்த முடியுமா? கத்தினாலும் கேட்காது. அப்பா எங்கள் முகங்களைப் பார்த்தார். என்னுடைய தோளைத் தொட்டு, "இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்று நான் தலையாட்டினேன்.

அன்றைக்கு மச்சான் சொன்ன இன்னொன்றும் உண்டு. அந்தத் தட்டுக்குப் பாடிய கொஞ்ச நாளிலேயே அக்காவின் தொண்டை கெட்டுப்போய்விட்டதாம். மேடையேற முடியவில்லை. மெஷினையும் விற்க வேண்டிவந்ததாம். "வெறுங்கையோட, கொரலும் இல்லாம எப்படிப் போய் அப்பா முன்னால நிப்பேன்னு அழுவா" என்றார். "அப்பறம் அவளே ஒருநாள், போவோம், அப்பாவுக்கு எப்படியும் கேக்காதுல்ல, அவருக்கு எங்கொரல் போனது தெரியாதுன்னு சிரிச்சா. அப்பதான் பொறப்பட்டோம்."

மறுநாள் அப்பா பெட்டியை மருமகனிடம் திறந்து காட்டினார். ஒவ்வொரு நோட்டீஸாக எடுத்து வைத்தார். எதிலும் ஒரு கறை இல்லை. மச்சான் தாள்களைத் தொடக்கூடத் தயங்கினார். "எங்ககிட்ட ஒண்ணுகூட மிஞ்சல" என்றார். கடைசியில் அப்பா நீலச் சேலையைப் பிரித்துத் தட்டை எடுத்துக் கொடுத்தார். மச்சான் அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, விளிம்போடு விளிம்பாகப் பார்த்தார். அவருடைய முகம் மாறியது. அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

பீலிப் பக்கம் கைகழுவப் போனபோது என்னிடம் கேட்டார். "இத எங்க வெச்சிருந்தாங்க?"

ஸ்டோரில், காயவைக்கும் மெஷினுக்குப் பின்னால் என்று சொன்னேன்.

"அரக்குத் தட்டும்மா அது. சூடு ஆகாது. எளகி வளைஞ்சு போச்சு. ஓரமெல்லாம் அலையடிக்குது."

ஒவ்வொரு வெயில் காலத்திலும் நானும் அந்தத் தட்டைப் பார்த்திருக்கிறேன். வேறு தட்டை நாங்கள் பார்த்ததில்லை. தட்டு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

"அவர்கிட்ட சொல்ல வேணாம்" என்றார் மச்சான். நான் தலையாட்டினேன்.

பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் வியாபாரி கிராமபோன் விற்றுக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அங்கே போக வேண்டும். மருமகன் வந்தாயிற்று, இனி யாருக்காகக் காத்திருப்பது என்று கையால் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் மலையிறங்கினோம். தட்டை அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். வரவில்லை என்று சொன்ன அம்மா பாதி வழியில் எங்களுக்குப் பின்னால் தூரத்தில் வருவது தெரிந்தது. நாங்கள் நின்றால் அவரும் நின்றார். அதனால் நிற்காமல் நடந்தோம்.

கடை முதலாளி எங்களை உட்காரச் சொன்னார். தட்டைக் கையில் வாங்கியதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "தங்கச்சி, இது ரொம்ப வளஞ்சிருக்கே. சூட்டுல வெச்சீங்களா?"

"என்னா சொல்றாரு?" என்று அப்பா என் கையைப் பிடித்தார்.

நல்லா இருக்காம் என்று கையால் காட்டினேன். முதலாளி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்து, அவரும் அதேபோல் கையால் காட்டினார்.

சாவி கொடுத்து ஊசியை வைத்ததும் தட்டு ஊசியைத் தூக்கி எறிந்தது. மறுபடி வைத்தார். ஒரு கிறீச்சல், அரைச் சொல், மறுபடி ஊசி நழுவியது. பாட்டின் தொடக்கம் முழுக்க ஓரத்தில் இருந்தது. ஓரம்தான் அதிகம் கெட்டிருந்தது. "உள்பக்கம் வெச்சுப் பாக்கிறேன்" என்றார் முதலாளி. தட்டின் நடுவுக்குக் கிட்டே மெல்ல வைத்தார். அங்கே ஊசி பிடித்துக்கொண்டது.

அக்கா பாடினாள்.

காட்டில் அலைந்த ராணி, கடைசியில் மரத்தடியில் உட்கார்ந்து, விடியட்டும், விடிந்தால் வழி தெரியும் என்று பாடுகிற இடம். இரைச்சலுக்குள்ளிருந்து வந்தாலும் அது அக்காவின் குரல்தான். மலையில் கூடையோடு நின்று பாடிய அதே குரல். மச்சான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலுக்கு வெளியே நின்றிருந்த அம்மா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. பாட்டு முடிந்தது. அந்தக் காலத்துத் தட்டுகளில் பாடியவர்கள் கடைசியில் தங்கள் பெயரைச் சொல்வார்கள். அக்காவும் சொன்னாள். பாட்டாக இல்லாமல், சும்மா பேசுகிற குரலில், கொஞ்சம் வெட்கத்தோடு, பதுளை என்று ஊரைச் சொல்லிப் பெயரைச் சொன்னாள்.

"பாவி மக" என்றார் அம்மா. "நெஞ்சு பூரா சளி. சளியோட பாடியிருக்கா." பிறகு, அத்தனை வருஷத்துக்குப் பின்னால், அக்காவின் பெயரைச் சொல்லி அழுதார்.

அப்பாவுக்கு இதெல்லாம் கேட்கவில்லை. அவர் குனிந்து, சுற்றுகிற தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்த ஓரம் மேலே எழுந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னைத் தொட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். "மூச்சு விடுற மாதிரி இருக்கு பாரு" என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இதற்காகத்தான் இத்தனை வருஷம் பாதுகாத்தேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து இளவெயிலில் காட்டினால் தட்டு நேராகலாம், உடைந்தும் போகலாம் என்று முதலாளி தாழ்ந்த குரலில் சொன்னார். வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். "இருக்கறதாவது இருக்கட்டும்." அடிக்கடி போடாதீர்கள், ஊசி தேய்த்துவிடும், படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள், சூடு படாத இடத்தில் வையுங்கள் என்று சொல்லி முதலாளி கெட்டி அட்டையில் ஓர் உறை கொடுத்தார்.

திரும்பும் வழியில் அம்மா மச்சானிடம் கேட்டார். "பாட்டு ஆரம்பம் எப்படி வரும் மாப்புள?" அவர் வாயைத் திறந்தார். சுருதி வந்தது, சொல் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றார். அவர் எங்களோடு இருந்த நாட்களில் அம்மா மறுபடி கேட்கவில்லை. அவரும் பாடவில்லை. சின்ன வயதில் அக்கா வழியெல்லாம் பாடியது எனக்கும் மறந்துபோயிருந்தது.

அவர் புறப்பட்ட அன்று அப்பா பெட்டியை அவர் முன்னால் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். போட்டோவை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு மஞ்சள் நோட்டீஸைத் தேடி எடுத்தார். அக்காவின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஆர்மோனியம் என்று போட்டு அவர் பெயர் இருந்தது. "இதுலதான் ரெண்டு பேரும் இருக்கோம்" என்றார். அதை மடிக்காமல் சுருட்டி மூட்டைக்குள் வைத்தார். பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

அடுத்த மழை வந்தது. அப்பா வழக்கம்போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் புறப்பட்டார். நான் வழியில் நின்று, தட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் புரியாமல் பார்த்தார். "ஸ்டோருக்கு வேணாமா?"

"வேணாம்பா" என்று வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன். "நல்லா காஞ்சிருச்சாம். இனி தேவையில்லன்னு மொதலாளி சொன்னாரு."

அவர் பெருமையோடு தலையாட்டினார். தட்டை நான் என் வீட்டுக்குக் கொண்டுபோய், என் வீட்டுக்காரரின் புத்தகங்களுக்கு நடுவே நிறுத்தி வைத்தேன். அப்பா வரும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஸ்டோரில் கடைசியாகப் பெட்டி கட்டிய வருஷத்திலேயே அவர் போய்ச் சேர்ந்தார். நன்றாகப் பாதுகாத்தோம் என்ற நினைப்போடுதான் போனார். அதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் அதிகம் அழுகை வருகிறது.

அம்மா அதற்குப் பிறகு என்னோடு இருந்தார். என் மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போது, மரத்தடியில் உட்கார்ந்த ராணியிலிருந்து தொடங்கிப் பாடுவார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மகள் கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் கேட்டாள். "ராணி எதுக்கு அம்மாயி காட்டுக்குப் போனா?"

அம்மா அவளை மடிக்கு இழுத்துக்கொண்டார். "தெரியலடி" என்றார். "நமக்குக் கேக்கறப்பவே அவ அங்கதான் இருந்தா."